யெலோஸ்டோன் ஓநாய்கள்: பார்க்க வருவோரும் பக்கத்தில் வாழ்வோரும்

1995 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 ஆம் திகதி காலையில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள கார்டினர் என்னும் சிற்றூரின் ஊடாக, குதிரைகளை ஏற்றிச் செல்லப் பயன்படும் இழுவை வண்டியொன்று பாதுகாப்பு வாகனங்கள் சூழச் சென்றது. வீதியின் இருமருங்கிலும் பாடசாலைச் சிறார்கள் நின்று கையசைத்தனர். வண்டியினுள்ளே உலோகப் பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்தவை கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக் காடுகளில் பிடிக்கப்பட்ட 8 ஓநாய்கள். யெலோஸ்டோன் தேசிய பூங்காவின் கல் வளைவைக் கடந்து அவை உள்ளே சென்றபோது, அந்தக் காட்டில் ஓநாய் இல்லாமற்போய் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. பெட்டியொன்றைத் தோள்கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுள் அந்நாளைய உள்துறைச் செயலாளர் புரூஸ் பபிட்டும் ஒருவர்.

ஆனால், பெட்டிகளைத் திறக்க முடியவில்லை. பண்ணையாளர் அமைப்பொன்றின் கோரிக்கையை ஏற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. அத்தடை அன்றிரவு நீக்கப்படும் வரையில், ஒன்றரை நாளுக்கு மேலாக அப்பிராணிகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. பின்னர் நிகழ்ந்த யாவற்றையும் நோக்குமிடத்து, பாடசாலைப் பிள்ளைகளின் கையசைப்பும் பண்ணையாளரின் வழக்கும் ஒரே நாளில் அமைந்தது தற்செயலானதல்ல என்றே தோன்றுகிறது. அழிந்துபோன ஓர் உயிரினத்தை மீண்டும் காட்டில் விடுவது விஞ்ஞானிகளின் வேலை. அதனால் வரும் மகிழ்ச்சி யாருக்கு, செலவு யாருக்கு என்பது வேறு விடயம். அந்த இரண்டாவது கணக்கையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

யெலோஸ்டோன் 1872 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பளவு ஏறக்குறைய 9,000 சதுர கிலோ மீற்றர். எமது வட மாகாணம் முழுவதையும் அதனுள் வைத்துவிடலாம். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும், சிறு பகுதிகள் மொன்டானா, ஐடஹோ ஆகிய மாநிலங்களிலும் அமைந்துள்ளன. இன்று இயற்கைப் பாதுகாப்பின் சின்னமாகப் போற்றப்படும் இந்தப் பூங்காவிலேயே, அரசாங்க உத்தியோகத்தர்கள் துப்பாக்கி, பொறி, நஞ்சு ஆகியவற்றைக் கொண்டு ஓநாய்களைத் திட்டமிட்டு ஒழித்தனர். 1926 ஆம் ஆண்டில் இரு குட்டிகள் கொல்லப்பட்டதோடு அந்த வேலை முடிவடைந்தது. மானைத் தின்னும் மிருகம் தீயது, மான் நல்லது என்பதே அன்றைய நிர்வாகத்தின் நோக்காக இருந்தது. விளைவாக, எல்க் எனப்படும் பெரிய மான்கள் பல்கிப் பெருகின. ஓநாய் செய்திருக்க வேண்டிய வேலையை 1960 கள் வரையிலும் பூங்காக் காவலர்களே துப்பாக்கி கொண்டு செய்ய நேர்ந்தது.

1973 ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் தொடர்பான சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னரே ஓநாயை மீளக் கொணர்வது பற்றிய பேச்சு உத்தியோகபூர்வமாக எழுந்தது. அது செயலுருப் பெற இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. சுற்றாடல் தாக்க அறிக்கைக்குப் பொதுமக்களிடமிருந்து கிடைத்த கருத்துகள் மாத்திரம் 160,000 இற்கும் அதிகம். ஈற்றில் எட்டப்பட்டது ஒரு சமரசம். கொண்டுவரப்படும் ஓநாய்கள் "பரீட்சார்த்தக் கூட்டம்" என வகைப்படுத்தப்பட்டன. அதாவது, அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, எனினும் அது முழுமையானதன்று. தனது நிலத்தில் தனது கால்நடையைத் தாக்கிக் கொண்டிருக்கும் ஓநாயைப் பண்ணையாளர் சுடலாம். காட்டை நேசிப்போர் சிலர் இதனைக் காட்டிக்கொடுப்பு என்றே கருதினர். ஆயினும், இந்த விட்டுக்கொடுப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த இழுவை வண்டி கார்டினரைக் கடந்தே இராது.

1995 இல் அல்பேர்ட்டாவிலிருந்து 14, 1996 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 என மொத்தம் 31 ஓநாய்கள் யெலோஸ்டோனுக்குக் கொண்டுவரப்பட்டன. பிடித்த இடத்தை நோக்கித் திரும்பி ஓடுவது காட்டு விலங்கின் இயல்பு. அதனைத் தடுக்கும் பொருட்டு, ஏறக்குறைய ஓர் ஏக்கர் அளவான கம்பிவலை அடைப்புகளில் அவை சுமார் பத்து வாரங்கள் வைக்கப்பட்டு, மான் இறைச்சி இடப்பட்டது. மார்ச் மாதத்தில் வாயில்கள் திறக்கப்பட்டபோது எதிர்பாராத சங்கடம் ஒன்று தோன்றியது. ஓநாய்கள் வெளியே வர மறுத்தன! மனிதர் வந்து போகும் வழி அந்த வாயில். மனித வாடை வீசும் வழியை அவை நெருங்கவே விரும்பவில்லை. வேலியின் வேறொரு பக்கத்தில் துளை வெட்டி, அதனருகே இறைச்சியை வைத்த பின்னரே அவை காட்டுக்குள் இறங்கின. மனிதன் மீதான இந்த அச்சத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

விடுவிக்கப்பட்டுச் சில வாரங்களிலேயே முதல் இழப்பு நேர்ந்தது. 10 என இலக்கமிடப்பட்ட ஆண் ஓநாய் பூங்காவுக்கு வெளியே ரெட் லொட்ஜ் நகருக்கு அருகில் ஏப்ரல் மாதத்தில் சட்டவிரோதமாகச் சுட்டுக் கொல்லப்பட்டது. சுட்டவர் பின்னர் தண்டிக்கப்பட்டார். அதன் துணையான 9 ஆம் இலக்கப் பெண் ஓநாய் ஏறக்குறைய அதே நாட்களில், தனித்த நிலையில், மரமொன்றின் கீழே 8 குட்டிகளை ஈன்றது. இரைதேட ஆண் துணையில்லாத தாயும் குட்டிகளும் பிழைக்கமாட்டா என உணர்ந்த அதிகாரிகள், அவற்றை ஹெலிகொப்டரில் ஏற்றி மீண்டும் அடைப்புக்குக் கொண்டுவந்து இலையுதிர் காலம் வரை பராமரித்தனர். பிறகு நிகழ்ந்ததை யாரும் திட்டமிடவில்லை. வேறொரு கூட்டத்தைச் சேர்ந்த இளம் ஆணான 8 ஆம் இலக்க ஓநாய் அத்தாயுடன் சேர்ந்து, தனக்குப் பிறவாத குட்டிகளைத் தன் குட்டிகளாகவே வளர்த்தது. அக்குட்டிகளுள் ஒன்று பிற்காலத்தில் பூங்காவின் மிகப் பெரிய கூட்டமொன்றின் தலைவனாயிற்று.

இதே காலப்பகுதியில் ஐடஹோ மாநிலத்தின் மத்தியிலும் 35 ஓநாய்கள் விடப்பட்டன. அங்கே அடைப்புமில்லை, காத்திருப்புமில்லை. "திரும்பி வராத ஆறு" எனப் பெயர் பெற்ற சமன் ஆறு பாயும் அந்த வனாந்தரத்தில் பெட்டிகளைத் திறந்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ யெலோஸ்டோன் அளவு விரிந்த அக்காட்டில் வீதிகள் இல்லை. நடந்தோ, குதிரையிலோ, ஆற்றில் படகேறியோ, சிறு விமானத்திலோதான் உள்ளே செல்ல வேண்டும். மாநில சட்டசபை ஓநாய்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்க மறுத்தபோது, அப்பகுதியின் பூர்வீகக் குடிகளான நெஸ் பேர்ஸ் மக்கள் அப்பணியை ஏற்று, பத்து ஆண்டுகள் செவ்வனே நடத்தினர். 19 ஆம் நூற்றாண்டில் தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட மக்கள், அதே நிலத்திலிருந்து துரத்தப்பட்ட விலங்குக்குக் காவலராயினர். இச்செய்தி அமெரிக்காவிலும் பலர் அறியாததொன்று.

ஐடஹோவின் ஓநாய்களை அபூர்வமாகவே எவரும் கண்டனர். யெலோஸ்டோனின் நிலையோ தலைகீழானது. ஓநாய்களைப் பார்வையாளர்கள் காண்பது அரிதாகவே இருக்கும் என்றுதான் அதிகாரிகள் முதலில் எண்ணியிருந்தனர். ஆனால், பூங்காவின் வடகிழக்கிலுள்ள லாமர் பள்ளத்தாக்கு மரமடர்ந்த காடல்ல. அது அகன்ற புல்வெளி. அதன் ஓரமாகவே வீதி செல்கிறது. குளிர்காலத்தில் பூங்காவினுள் சாதாரண மோட்டார் வாகனங்கள் செல்லக்கூடிய ஒரே வீதியும் அதுவே. விடியற்காலையில், உறைபனிக்குக் கீழே இருபது முப்பது பாகைக் குளிரில், முக்காலியில் பொருத்திய தொலைநோக்கிகளுடன் மக்கள் வரிசையாக நிற்கும் காட்சி அங்கே வழமையாயிற்று. பூங்காவில் பணியாற்றிய ரிக் மக்கின்ரைர் என்பவர் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஒரு நாளும் தவறாது ஓநாய்களை நோக்கக் காட்டுக்குச் சென்றவர். அவரும் அவர் போன்ற சிலரும் எழுதியும் பேசியும் வந்ததனால், இலக்கங்களாக இருந்த ஓநாய்கள் கதாபாத்திரங்களாயின. எந்த ஓநாய் எதற்குப் பேரன் என்று மனப்பாடமாகக் கூறும் ரசிகர்கள் உருவாயினர்.

இரசிப்பு பணமாகவும் மாறியது. மொன்டானா பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜோன் டஃபீல்டும் அவரது சகாக்களும் 2005 ஆம் ஆண்டுப் பார்வையாளர்களிடம் நடத்திய ஆய்வின்படி, ஓநாய்களைக் காண்பதற்கென்றே வருவோரால் சுற்றியுள்ள மூன்று மாநிலங்களிலும் ஆண்டொன்றுக்கு 35.5 மில்லியன் டொலர் செலவிடப்படுகிறது. ஹோட்டல், உணவகம், வழிகாட்டி, எரிபொருள் நிலையம் எனப் பல கைகளுக்குச் செல்லும் பணம் அது. ஓநாயை மீளக் கொணர்வதை எதிர்த்த கார்டினர் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில் இன்று ஓநாய்ப் படம் பொறித்த சட்டைகள் விற்பனையாகின்றன.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஓநாய் பூங்காவின் எல்லைக்கல்லை வாசிப்பதில்லை. அது கொல்லும் ஆடு மாடுகளின் தொகை, அந்த மாநிலங்களின் மொத்தக் கால்நடைகளோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம். இதனை ஓநாயின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். கணக்கு சரிதான். ஆனால், இழப்பு எல்லோர் மீதும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பத்துப் பண்ணைகளில் ஒன்பதுக்கு எதுவும் நேராது. பத்தாவது பண்ணையில் ஒரே கோடையில் பல கன்றுகள் காணாமற்போகும். மாநில சராசரியைக் கூறி அந்தப் பத்தாவது மனிதரைத் தேற்ற முடியாது. அம்பாறையிலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ ஒரே இரவில் தன் வயலை யானைக்குப் பறிகொடுத்த விவசாயியிடம் தேசிய நெல் உற்பத்தியின் புள்ளிவிபரத்தைக் காட்டினால் அவர் என்ன சொல்வாரோ, அதையே அவரும் சொல்வார்.

நட்டஈடு வழங்கப்படவில்லை என்பதல்ல. "டிஃபெண்டர்ஸ் ஒஃப் வைல்ட்லைஃப்" என்னும் தொண்டு நிறுவனம் 1987 ஆம் ஆண்டிலேயே இதற்கென நிதியமொன்றை அமைத்தது. ஓநாயை விரும்புவோரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் அந்தச் சிந்தனை அக்காலத்தில் புதுமையானது, நேர்மையானதும்கூட. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையிலிருந்து, 2010 அளவில் அரச திட்டங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வரையில் அந்நிதியம் வழங்கிய தொகை 14 இலட்சம் டொலருக்குச் சற்று அதிகம். சுற்றுலா மூலம் ஒரே ஆண்டில் அப்பிரதேசத்துக்கு வந்ததாகக் கணிக்கப்பட்ட 355 இலட்சம் டொலருடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலும், கொன்றது ஓநாய்தான் என்பதற்குச் சான்று வேண்டும். தொலைவான மேய்ச்சற் காட்டில் இறந்த கன்றின் உடலைக் கரடியும் கழுகும் ஓரிரு நாட்களில் முடித்துவிடும். எஞ்சிய எலும்பு யாருடைய வேலை என்று எவரால் நிரூபிக்க முடியும்?

வேட்டையாடுவோரின் மனக்குறை வேறு வகையானது. யெலோஸ்டோனின் வடபகுதி எல்க் மந்தை 1990 களின் நடுப்பகுதியில் சுமார் 19,000 ஆக இருந்தது. 2013 இல் அது 4,000 இற்கும் கீழே வந்தது. பனிக்காலத்தில் பூங்காவை விட்டு வெளியேறும் மான்களை வேட்டையாட வருவோரை அழைத்துச் சென்று பிழைத்த வழிகாட்டிகள் பலர் தொழில் இழந்தனர். பழி முழுவதும் ஓநாய் மீது விழுந்தது. உண்மையில் கரடிகளும் பூமாக்களும் அதே ஆண்டுகளில் பெருகியிருந்தன. வேட்டை அனுமதிகளும் தாராளமாகவே வழங்கப்பட்டிருந்தன. வரட்சியும் பங்களித்தது. ஒரு காட்டில் ஒரு விளைவுக்கு ஒரே காரணம் இருப்பது அரிது.

இந்த எச்சரிக்கை ஓநாயைப் பழிப்போருக்கு மட்டுமன்றி, புகழ்வோருக்கும் பொருந்தும். ஓநாய் வந்தது, மான்கள் குறைந்தன, வில்லோ மரங்கள் தழைத்தன, பீவர்கள் வந்து அணை கட்டின, ஆறே தன் போக்கை மாற்றியது என்னும் கதை 2014 இல் வெளியான ஒரு காணொளி மூலம் உலகெங்கும் பரவியது. அழகான கதைதான். ஆனால், கொலராடோ அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகள் நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 2024 இல் வெளிவந்தபோது கிடைத்த சித்திரம் அடக்கமானது. சில இடங்களில் மரங்கள் உயர்ந்துள்ளன, பல இடங்களில் இல்லை. பீவர் அணைகள் அழிந்து, நிலத்தடி நீர் தாழ்ந்துபோன ஓடைக் கரைகளில், மானின் வாயிலிருந்து காப்பாற்றினாலும் வில்லோ எதிர்பார்த்தவாறு வளரவில்லை. எழுபது ஆண்டுகள் ஓர் உயிரினத்தை அகற்றி வைத்துவிட்டு மீண்டும் கொண்டுவந்து வைத்தவுடன், கடிகாரத்தில் சக்கரத்தைப் பொருத்தியது போல எல்லாம் பழையபடி ஓடிவிடாது.

இப்போது அச்சம் பற்றிய விடயத்துக்கு வருவோம். வாயிலில் வீசிய மனித வாடைக்கே ஒதுங்கி நின்ற ஓநாய்களின் பேரப்பிள்ளைகள், ஆண்டுதோறும் நாற்பது இலட்சம் பேர் வந்துபோகும் பூங்காவில் பிறந்து வளர்ந்தவை. 2021 ஆம் ஆண்டில் இத்தொகை 48 இலட்சத்தையும் தாண்டியது. வீதியோரம் நிற்கும் மனிதக் கூட்டம் ஒன்றும் செய்யாது என்பதை அவை பிறந்த நாள் முதல் கண்டு வந்துள்ளன. பூங்காவினுள் அது பாதகமில்லை. எல்லைக்கு வெளியே கையில் தொலைநோக்கியுடன் நிற்பவருக்கும் துப்பாக்கியுடன் நிற்பவருக்கும் இடையிலான வேறுபாட்டை அவை எங்கே கற்பது?

2011 இல் அமெரிக்க காங்கிரஸ், வரவுசெலவுச் சட்டமூலமொன்றில் ஒரு வாசகத்தைச் சேர்த்து, மொன்டானா, ஐடஹோ ஓநாய்களை அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கியது. வயோமிங் மாநிலமும் பின்னர் சேர்ந்துகொண்டது. அம்மாநிலத்தின் பெரும்பகுதியில் ஓநாயை எக்காலத்திலும் அனுமதிப்பத்திரமின்றியே கொல்லலாம். 2012 டிசம்பரில், "06" எனப் பிறந்த ஆண்டால் அழைக்கப்பட்ட, ஆயிரக்கணக்கானோர் அறிந்திருந்த பெண் ஓநாய், ஆய்வாளர்கள் பூட்டிய கழுத்துப்பட்டியுடனேயே வயோமிங்கில் சட்டப்படி சுடப்பட்டது. ஆறு ஆண்டுகளின் பின் அதன் மகளும் மொன்டானாவில் அவ்வாறே மாண்டது. பூங்காவை ஒட்டிய பிரதேசங்களில் இருந்த உச்ச வரம்பை மொன்டானா 2021 இல் நீக்கியபோது, அந்தப் பருவத்தில் மட்டும் மூன்று மாநிலங்களிலுமாக யெலோஸ்டோனின் 25 ஓநாய்கள் கொல்லப்பட்டன. பூங்காவின் ஓநாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. தலைமை ஓநாய் இறந்தால் கூட்டமே கலைந்துபோகும் வாய்ப்பு அதிகரிக்கிறது என்பதையும் பூங்கா ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். எதிர்ப்பு வலுத்ததையடுத்து, மறு ஆண்டில் உச்ச வரம்பு மீண்டும் கொண்டுவரப்பட்டது.

இதில் சுட்டவரை மட்டும் குற்றவாளியாக்குவது இலகுவானது. ஓநாய், கரடி ஆகியவற்றிலிருந்து 91 மீற்றர் தூரம் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. அதனை மீறிப் படமெடுக்க நெருங்குவோருக்கும், வாகனத்திலிருந்து உணவு வீசுவோருக்கும் பங்கில்லையா? 2009 இல் சைக்கிள் ஓட்டிகளைத் துரத்தத் தொடங்கிய ஓர் ஓநாயைப் பூங்கா உத்தியோகத்தர்களே கொல்ல நேர்ந்தது. மனிதரிடம் உணவு கிடைக்கும் என்று அதற்கு யாரோ கற்பித்திருந்தனர். வீதிக்கு வரும் ஓநாய்களை வெடியோசை எழுப்பியும் இறப்பர் குண்டு சுட்டும் அதிகாரிகள் விரட்டுகின்றனர். பார்க்கும்போது கொடுமையாகத் தோன்றினும், அந்த விலங்குக்குச் செய்யக்கூடிய பேருதவி அதுவே.

எமது நாட்டிலும் இதற்கு இணையான காட்சி உண்டு. யெலோஸ்டோனில் ஓநாய் விடப்பட்ட அதே 1995 ஆம் ஆண்டில், தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டில் விடும் நிலையம் உடவளவையில் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே குட்டிகளைத் தொடவோ உணவூட்டவோ பார்வையாளருக்கு அனுமதியில்லை. பாலூட்டும் நேரத்தில் தொலைவிலிருந்தே பார்க்கலாம். சிறந்த ஏற்பாடு. ஆனால், அந்த நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில், நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீதியில், மின்வேலிக்கு அப்பால் துதிக்கையை நீட்டி நிற்கும் ஆண் யானைகளுக்கு வாகனங்களை நிறுத்திப் பழம் கொடுத்துச் செல்வோரைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். ஒருபுறம் மனித வாடை படாமல் வளர்க்கிறோம், மறுபுறம் பிச்சை கேட்கப் பழக்குகிறோம். வேலியை உடைத்து அந்த யானை ஊருக்குள் வரும் இரவில், பழம் கொடுத்தவர் கொழும்பில் உறங்கிக் கொண்டிருப்பார்.

யெலோஸ்டோன் அனுபவத்தின் பின்னர் கொலராடோ மாநிலம் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்க்க முனைந்தது. அங்கே ஓநாயை மீளக் கொணர்வதா என்பது 2020 இல் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, 51 வீதத்துக்கும் குறைவான வாக்குகளால் மயிரிழையில் நிறைவேறியது. ஆம் என்றவர்கள் பெரும்பாலும் டென்வர், போல்டர் போன்ற நகரவாசிகள். ஓநாய் விடப்படவிருந்த மேற்குப் பகுதி மாவட்டங்களிற் பெரும்பாலானவை இல்லை என்றே கூறியிருந்தன. 2023 டிசம்பரில் ஒரிகன் மாநிலத்திலிருந்து 10 ஓநாய்களும், 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15 ஓநாய்களும் கொண்டுவந்து விடப்பட்டன. கொல்லப்படும் கால்நடை ஒன்றுக்கு 15,000 டொலர் வரையில் நட்டஈடு வழங்க அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. கன்றுகள் இறந்தன, கோரிக்கைகள் குவிந்தன, தகராறுகளும் ஓயவில்லை. எனினும் ஒரு சிறு ஏற்பாடு கவனிக்கத்தக்கது. ஓநாய்ப் படம் பொறித்த விசேட வாகன இலக்கத் தகடு ஒன்றை மாநில அரசு 2024 முதல் விற்பனை செய்து வருகிறது. விரும்புவோர் மேலதிகப் பணம் கொடுத்துத் தம் மோட்டார் வாகனத்தில் அதனைப் பொருத்திக் கொள்கின்றனர். அந்தப் பணம், ஓநாய் நடமாடும் மலைச்சரிவுகளில் மாட்டு மந்தைகளோடு குதிரையேறிக் காவல் செல்வோரின் சம்பளத்துக்கும் போய்ச் சேருகிறது.